ஊமைத்தீவைக் கட்டிய கயிறு

ஊமைத்தீவு நரிமுனைக் கரைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஏன் வந்தது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வந்தது. அவ்வளவுதான்.

அன்றுவரை கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கடலுக்கு நடுவே பச்சைக் கோடாகத் தெரிந்துகொண்டிருந்த தீவு, தன் உமிரிச் செடிகளையும் தாழம்புதரையும் கூரை போன காவல்குடிசையையும், 'அனுமதியின்றி நுழைபவர் தண்டிக்கப்படுவர்' என்று வனத்துறை நட்டுவைத்த பலகையையும் ஒன்றுவிடாமல் தூக்கிக்கொண்டு வந்து, கரையிலிருந்து இடுப்பளவுத் தண்ணீர் தள்ளி நின்றது. பலகை ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பல் விளக்கக் கரைக்கு வந்த ராக்குதான் முதலில் பார்த்தாள். வாயிலிருந்த பல்பொடியைத் துப்பினாள்.

"வந்துட்டியா," என்றாள். உடனே கயிறு எடுக்க ஓடினாள்.

நரிமுனை வழக்கம் அது. கரைக்கு ஒதுங்குவது எதுவானாலும், கயிறறுந்த வத்தைப் படகோ, கப்பலிலிருந்து விழுந்த பீப்பாயோ, வெள்ளத்தில் வந்த யார் வீட்டுக் கதவோ, யாருடையது என்று கேட்பதற்கு முன்னால் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டு, கடல் திரும்ப எடுத்துக்கொண்டு போன ஒரு தேக்கு மரத்துக்காக இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் அங்கே உண்டு. ஆகவே ராக்கு வத்தை இழுக்கிற வடத்தைத் தோளில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தீவின் முனையில் மூக்குப்போலத் துருத்திய கல்லில் ஒரு நுனியைச் சுற்றினாள். மறுநுனியைக் கரையில் வரிசையாக நின்ற பனைகளில் வளைத்து, புயல் நாளில் அவள் அப்பன் வத்தைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டாள். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. கட்டினது தானாகக் கிட்டே வந்து கயிறு தளர்ந்தாலொழிய அவிழாது.

பிறகுதான் ஊரைக் கூப்பிட்டாள்.

ராக்கு பாசிக்காரி. கடற்பாசி. விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கட்டி, இடுப்பில் வலைப்பை தொங்க, தலையைத் தண்ணீருக்குள் கொடுத்து ஊமைத்தீவின் கல்லுகளில் பாசி எடுத்து வளர்ந்தவள். அவளைப் போல ஊரில் பாதிப் பெண்கள். அவர்களுக்கென்று சில முறைகள் இருந்தன. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் போவது, மற்ற நாட்களில் அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பது. இரும்பு கொண்டுபோகாமல் இருப்பது. வேரை விட்டுவிட்டுக் கிள்ளுவது. எல்லாவற்றுக்கும் மேலே, குரல் வைப்பது. மூச்சுக்குத் தலையைத் தூக்குகிறவள் 'ஓ...ஓய்' என்று ஒரு குரல் வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவள் வாங்கிக்கொண்டு திருப்பி வைக்க வேண்டும், அது தீவைச் சுற்றிப் போய் முதல் ஆளுக்கே திரும்பி வரும். குரல் எல்லாம் வந்து சேராமல் ஒருத்தியும் தண்ணீரை விட்டு ஏற மாட்டாள். அலை மோதினாலும் சத்தம் எழும்பாத தீவு என்பதால்தான் அதற்கு ஊமைத்தீவு என்று பெயர். அந்த ஊமையைச் சுற்றி நாள்முழுக்கப் பெண்களின் குரல் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு காலம்.

பிறகு தீவு பாதுகாக்கப்பட்ட பகுதி ஆயிற்று. சுற்றிக் கைநனைத்தால் கேஸ். மக்களையும் சேர்த்துக்கொண்டு பாதுகாக்க வேண்டும் என்று மேலே யாரோ சொல்ல, ஊரில் ஒரு குழு போட்டார்கள். ராக்கு தலைவி. குழுவின் வேலை, வனத்துறை வாங்கித் தருகிற டீயைக் குடித்துவிட்டு நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவது. தீவைச் சுற்றிக் குரல் நின்றது. இழுவைமடி விசைப்படகுகள் மட்டும் திருட்டுத்தனமாக வந்து போயின. அதற்குக் கேஸ் கிடையாது, பிடிபட்டால்தானே.

இப்போது தீவே வந்துவிட்டது.

முதலில் சிக்கலில் மாட்டினவன் பூமிநாதன். ராக்குவின் தம்பி, வனத்துறையில் வாட்சர். காக்கிச் சட்டையும் கைலியுமாகக் கரையில் வந்து நின்றான்.

"அக்கா, தீவைச் சுத்தி ஆள் நடமாட்டம் கூடாதுங்கிறது சட்டம்."

"சரிடா."

"தீவு இப்ப இங்கன நிக்கி. அப்ப நம்ம தெரு, கிணறு, கோயிலு, உன் கோழிக்கூடு அம்புட்டும் தடைக்குள்ள வந்துருச்சு."

"உன் வீடு?"

"அதுந்தான். வீட்டுக்குச் சாப்பிடப் போனா நான் என்னையவே பிடிக்கணும்."

"பிடி. உன் பொண்டாட்டி சந்தோசப்படுவா."

ரேஞ்சர் குணாளன் ஜீப்பில் வந்தார். தர்மபுரிப் பக்கத்து ஆள், கடலோரத்துக்கு மாற்றலாகி வந்து இன்னும் மீன் முள் எடுக்கத் தெரியாதவர். தீவைப் பார்த்தார், பஸ் வந்ததைக் கேட்பதுபோல, "எப்ப வந்துச்சு?" என்றார். போட்டோ எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினார். படம் தெளிவாக இல்லை, வேறு எடுத்து அனுப்பவும் என்று பதில் வந்தது.

ஊர் பழகிக்கொண்டது. ஊருக்குப் பழக எவ்வளவு நேரம் ஆகும்? பலகையின் மேல் சேலை காயப்போட்டார்கள். ஆடுகள் தண்ணீரில் நீந்திப் போய் உமிரி மேய்ந்தன. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து தாழம்புதர் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள், அவர்களை நம்பி ஒரு வடைக்கடை வந்தது, வடைக்கடையை நம்பி நாய்கள் வந்தன. 'தீவுக்கு எதுத்தாப்புல பச்சைக் கதவு' என்று வழி சொல்ல ஆரம்பித்தார்கள். தீவுக்கு ரேஷன் கார்டு உண்டா என்று பூமிநாதனை நின்று நின்று கேட்டார்கள். அவன் பதில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

பாசி ஏஜெண்ட் செல்லப்பாண்டி ஒரு சாக்கு நிறைய இரும்புச் சுரண்டிகளைக் கொண்டுவந்து கரையில் கொட்டினான்.

"இனி என்னத்தா நாளும் கிழமையும்? வாசல்ல வந்து நிக்கிது. எடுங்க."

எடுத்தார்கள். ராக்கு தடுத்தாள். இருபது வருசம் அவளோடு ஒரே வத்தையில் போய்வந்த மாரிக்கிளியே சுரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"உன் சட்டத்தை நடுக்கடல்ல வச்சுக்க ராக்கு. சொந்த வாசல்ல கோலம் போடுறதுக்கு யாராச்சும் நாள் பாப்பாகளா?"

"வேரோட வழிச்சா அடுத்த தடவை என்னத்தை எடுப்ப?"

"அடுத்த தடவையைப் பத்தி அடுத்த தடவை பேசுவோம். இத்தனை வருசமா எங்களைக் கிட்ட விடலையே, அப்ப எங்க போச்சு உன் வேரு?"

அமாவாசையும் பௌர்ணமியும் இல்லாத நாட்களிலும் பெண்கள் இறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே, கூப்பிட்டால் வீட்டில் கேட்கும் தூரம்தானே என்று ஒருத்தியும் குரல் வைக்கவில்லை. சுரண்டி கல்லில் உரசுகிற சத்தம் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊர் முழுக்கக் கேட்டது, ஊமையின் பல்லை யாரோ ராவுகிற மாதிரி.

அப்புறம் கயிறு பாடத் தொடங்கியது.

தண்ணீர் வற்றுகிற நேரங்களில் தீவு கடல் பக்கம் சாய்ந்து இழுத்தது. வடம் விறைத்து, 'ங்ங்' என்று ஒரு சத்தம் போட்டது. பனைகள் வளைந்தன. பனை வளைந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவை வளைந்தன. கரையோர வீடுகளின் சுவரில் விரிசல் ஓடியது. தீவுக்கும் கரைக்கும் நடுவே நீரோட்டம் அடைபட்டுத் தண்ணீர் பழசாகி, முதலில் பச்சையாகி, பிறகு நாறியது. கடல் அட்டைகள் வயிறு வீங்கிக் கரையில் கிடந்தன. தீவின் அடிக்கல், கத்தரிப்பூ நிறத்திலும் மஞ்சளிலும் இருந்த பவளக்கல், ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் வரிசையிலிருந்த பனை ஒன்று வேரோடு பிடுங்கிக்கொண்டு மாரிக்கிளியின் அடுப்படிமேல் விழுந்தது. நல்லவேளை, அவள் தண்ணீரில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ராக்கு தீவுக்கு அடியில் முங்கிக் கையை வைத்துப் பார்த்தாள். கல் சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது.

அவள் மேலே வந்து முடிச்சைப் பிடித்துப் பார்த்தாள். அசையவில்லை. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. தானே போட்டது.

அன்று சாயங்காலம் வலைக்கொட்டகையில் ஊர் கூடியது. ரேஞ்சர் வந்திருந்தார். டீ கொண்டுவரவில்லை. அப்போதே எல்லோருக்கும் விஷயம் கெட்டது என்று தெரிந்துவிட்டது.

"மேல இருந்து உத்தரவு வந்துருச்சு," என்றார். "நாளைக்குக் காலையில ரெண்டு இழுவைக்கப்பல் வருது. இரும்புக் கொக்கி மாட்டித் தீவைப் பழைய இடத்துக்கே இழுத்துட்டுப் போறாங்க."

"முதுகு முறிஞ்சுரும் சார்," என்றாள் ராக்கு. "அது கல்லு மாதிரி இருக்கும். கல்லு இல்ல. உசுரு."

"தெரியும். நான் எழுதினேன். குழு ஏற்கனவே சம்மதிச்சிருக்குன்னு பதில் வந்துச்சு."

"எந்தக் குழு?"

குணாளன் அவளைப் பார்க்காமல் சொன்னார். "உங்க குழுதான். பராமரிப்புக்குத் தேவையான எல்லா நடவடிக்கைக்கும் சம்மதம்னு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நானும் போட்டிருக்கேன்."

கொட்டகையில் சத்தம் கிளம்பியது. செல்லப்பாண்டி எழுந்து நின்றான்.

"கொக்கி அவன் போடுறதுக்கு முந்தி நாம போடுவோம். என்கிட்ட இரும்பு ரோப்பு கிடக்கு. கயிறை எடுத்துட்டு அதைக் கட்டுவோம். பொம்பளையாளுக எல்லாம் தீவுமேல ஏறி உக்காருங்க. ஆள் இருக்கையில எந்தக் கப்பல்காரன் இழுப்பான்?"

"அப்படிச் சொல்லு!" என்றது பாதிக் கொட்டகை.

"ரோப்பு கட்டினா இங்கனயே செத்துப்போகும்," என்றாள் ராக்கு. "நான் அவுக்கப் போறேன்."

"கட்டினது நீதான்," என்றான் செல்லப்பாண்டி, மெதுவாக. "ஆனா வந்தது ஊருக்கு. ஊரைக் கேக்காம நீ அவுத்தா, இந்தக் கரையில உன் பாசியை ஒருத்தனும் வாங்க மாட்டான். நான் வாங்க விட மாட்டேன். உன் தம்பி சம்பளத்துல கஞ்சி குடிச்சுக்க."

பூமிநாதன் எழுந்தான். ராக்கு அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவுக்க வேண்டாம்னு யாராச்சும் கையைத் தூக்குறீகளா?" என்று கேட்டாள் கூட்டத்தைப் பார்த்து.

யாரும் கையைத் தூக்கவில்லை. அவள் பக்கமும் தூக்கவில்லை, அவன் பக்கமும் தூக்கவில்லை. ஊர் என்றால் அப்படித்தான். மாரிக்கிளி இடிந்த அடுப்படியின் கரி ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

விடிந்ததும் கடலின் விளிம்பில் இரண்டு புகை தெரிந்தது. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது, தீவு சாய்ந்து இழுத்தது, வடம் பாடியது, அந்தப் பாட்டு அன்றைக்குப் பல்லுக்குள் கேட்டது. ஊர் முழுக்கக் கரையில். செல்லப்பாண்டி இரும்பு ரோப்பைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான், அவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று.

ராக்கு மிஞ்சிய பனைகளுக்கு நடுவே முடிச்சின் முன்னால் நின்றாள். பூமிநாதன் அரிவாளை நீட்டினான்.

"வெட்டக் கூடாதுடா. இவ்வளவு விறைப்புல வெட்டினா அறுந்த நுனி ஒரு ஆளை ரெண்டாக்கிரும்."

"பின்னே?"

"அது கிட்ட வரணும். வந்தாத்தான் தளரும்."

"கட்டிப்போட்டது கிட்ட வருமாக்கா?"

அவள் கடல் பக்கம் திரும்பினாள். கையை வாய்க்குக் குவித்தாள். வருசங்களாக வைக்காத குரலை வைத்தாள்.

"ஓ...ஓய்!"

ஒன்றுமில்லை. வடம் இன்னும் மேலே ஒரு சுதி போனது. புகை இரண்டும் கப்பலாகிவிட்டன.

மறுபடி வைத்தாள். குரல் உடைந்தது. யாரோ ஒருவன் சிரித்தான். ஒரு குரலுக்கு மறுகுரல் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று பாசிக்காரிகளுக்குத்தான் தெரியும். தண்ணீருக்குள் ஒருத்தி போய்விட்டாள் என்று அர்த்தம். அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா நிற்க ஒரு பாசிக்காரியால் முடியாது, அவள் எத்தனை சுரண்டி வைத்திருந்தாலும், எத்தனை கோபத்தில் இருந்தாலும் முடியாது.

"ஓ...ஓய்!" என்றாள் மாரிக்கிளி. தன்னை அறியாமல் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அவளுக்கு அடுத்தவள் வாங்கிவிட்டாள், அவளிடமிருந்து அடுத்தவள், வடைக்கடைப் பக்கம் நின்றவள், கோயில் படியில் நின்றவள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள். கரை நெடுகப் போய்த் திரும்பி ராக்குவிடம் வந்து, அவள் வாங்கி, மறுபடி சுற்றி, மறுபடி வந்து, காற்றில் ஒரு வளையம் மாதிரி அந்தக் குரல் சுற்றிக்கொண்டே இருந்தது.

தீவு கரைப் பக்கம் திரும்பியது.

மெதுவாகத்தான். கன்று கூப்பிட்டால் மாடு தலையைத் திருப்புமே, அப்படி. ஒரு அடி வந்தது. தண்ணீர் எழும்பி முன்வரிசையில் நின்றவர்களின் முழங்காலை நனைத்தது. இன்னும் வந்தால் கரையோர வீடுகள் மிஞ்சாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஒருத்தியும் குரலை நிறுத்தவில்லை. வடம் பாட்டை விட்டது. தொய்ந்தது. ராக்கு இரண்டு பெருவிரலையும் முடிச்சுக்குள் கொடுத்து, ஒரு உதறு உதறினாள். புயல் முடிச்சு சேலைக் கொசுவம் மாதிரி கழன்று விழுந்தது.

போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. அவிழ்த்துவிட்ட பிறகும் அங்கேயே நின்றது.

"என்னடா இது வம்பு," என்றான் பூமிநாதன்.

இழுவைக்கப்பல் ஒரு ஊளை விட்டது. கொக்கி வெயிலில் மின்னியது. ராக்கு சேலையை ஏத்திச் செருகிக்கொண்டாள்.

"தனியாப் போகாதுடா. கூட நடக்கணும்."

"தண்ணியில இறங்காதீங்க!" ரேஞ்சர் கரையில் ஓடிவந்தார். "ராக்கம்மா, கை வச்சா கேஸ். நான்தான் போட்டாகணும்."

"போடுங்க சார். ஆனா குழுவுல நீங்களும் இருக்கீக. கையெழுத்தும் போட்டிருக்கீக. இன்னைக்குத்தான் குழுவுக்கு வேலையே வந்திருக்கு. வாங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"வத்தையில ஏறுங்க. பூமி தள்ளுவான். நீங்க குரலை எண்ணுங்க. ஒன்னு குறைஞ்சா சொல்லுங்க, எல்லாரும் நிப்போம்."

குணாளன் கப்பலைப் பார்த்தார். தீவைப் பார்த்தார். ஷூவைக் கழற்றாமலே வத்தையில் ஏறினார். ஏறும்போது ஒருமுறை விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை.

பெண்கள் இறங்கினார்கள். சுரண்டிகளைக் கரையில் போட்டுவிட்டு இறங்கினார்கள். இடுப்புத் தண்ணீரில் ஆளுக்கொரு கையைத் தீவின் விலாவில் வைத்துக்கொண்டு, சந்தையிலிருந்து மாட்டை நடத்திக்கொண்டு போகிறவர்கள் மாதிரி, தள்ளாமல், இழுக்காமல், கூடவே நடந்தார்கள். தீவு நடந்தது. தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, கால் எட்டாத இடத்தில் நீந்தினார்கள், கை ஓய்ந்தவள் தீவின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓய்வெடுத்தாள், தீவு அவளுக்காக நின்றது. குரல் சுற்றிக்கொண்டே இருந்தது. வத்தையில் குணாளன் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார்.

கப்பல் முன்னால் வந்து குறுக்கே நின்றது. மேலிருந்து ஒருவன் கொக்கியைத் தூக்கினான். வத்தையில் உட்கார்ந்திருந்த ரேஞ்சர் எழுந்து நின்றார். நீச்சல் தெரியாதவன் வத்தையில் எழுந்து நிற்பது லேசான காரியம் இல்லை.

"தள்ளிப் போங்க!" என்று கத்தினார். "குழு வேலை நடக்குது!"

"எங்களுக்கு உத்தரவு இருக்கு சார்!"

"தீவு பழைய இடத்துக்குப் போகணும்னுதானே உத்தரவு? போய்க்கிட்டு இருக்கு. தண்ணியில ஆள் இருக்காங்க. கொக்கியை இறக்குனா முதல் கேஸ் உங்க மேலதான்!"

கப்பல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விலகினார்கள்.

தீவு பழைய இடத்துக்குப் போகவில்லை. பாதியில் நின்றது. ராக்கு விலாவைத் தட்டினாள், மாரிக்கிளி தோளைக் கொடுத்துத் தள்ளினாள், அசையவில்லை. அடியில் நீரோட்டம் சில்லென்று ஓடியது. ராக்கு திரும்பிப் பார்த்தாள். கரையில் நின்ற யாரோ ஒரு கிழவன் கூப்பிட்டான். தெளிவாகக் கேட்டது.

"கூப்பிடு தூரம்," என்றாள். "இங்கனதான் இருக்குமாம்."

முங்கிப் போய்க் கையை வைத்தாள். கல் ஆறிக்கொண்டிருந்தது.

வரைபடத்தில் அது இன்றைக்கும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. குணாளன் அதைத் திருத்தச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறார், அவர்கள் தெளிவான படம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேஸ் போட்டார், ஒரே கேஸ், அதில் முதல் பெயர் அவருடையது. செல்லப்பாண்டி சொன்னபடி ராக்குவின் பாசியை வாங்கவில்லை. மற்ற பெண்களும் அவனுக்குக் கொடுக்கவில்லை. யார் முதலில் இறங்கிவருவது என்பது இன்னும் முடிவாகவில்லை. நாள் பார்த்துப் போகிறார்கள், இரும்பில்லாமல் போகிறார்கள், எந்த நாள் என்று வலைக்கொட்டகையில் உட்கார்ந்து, சண்டை போட்டு, முடிவு பண்ணுகிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மாரிக்கிளி முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். டீ ஆறிப்போகிறது.

அன்றைக்குத் திரும்புகிற நேரத்தில் ஒன்று நடந்தது. கடைசியாக ஒருமுறை குரல் வைத்தார்கள். குரல் தீவைச் சுற்றிப் போய் ராக்குவிடம் திரும்பி வந்தது. வத்தையில் எண்ணிக்கொண்டிருந்த குணாளன் கையைத் தூக்கினார்.

"நில்லுங்க. கணக்கு சரியில்லை."

பெண்கள் தண்ணீரில் உறைந்தார்கள். "யாரு? யாரு குறையுது?"

"குறையலைம்மா," என்றார். மடக்கின விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்னு கூடுது."

மறுபடி வைத்தார்கள். மறுபடி எண்ணினார். கூடியது. தீவின் தாழம்புதர்ப் பக்கமிருந்து, கொஞ்சம் கரகரப்பாக, பழக்கமில்லாத தொண்டையிலிருந்து வருவது மாதிரி.

குரல் எல்லாம் வந்து சேராமல் ஒருத்தியும் தண்ணீரை விட்டு ஏறக் கூடாது என்பது முறை. பெண்கள் ராக்குவைப் பார்த்தார்கள்.

"அது வராது," என்றாள் ராக்கு. "அது வீட்டுலதான் இருக்கு. நாம போவோம்."